நாற்பது வீட்டுக்கு ஒரு கட்டைவிரல்

தம்பி,

இதைச் சொல்லத்தான் போன மாதம் இரண்டு முறை உன் வீட்டுக்கு வந்தேன். பம்மலில் பஸ் ஏறி, பல்லாவரத்தில் மாறி, தாம்பரத்தில் இறங்கி, மறுபடி சேலையூருக்கு ஒரு பஸ் பிடித்து வந்தேன். முதல் முறை முருங்கைக்காய் கொண்டு வந்ததால் ஒரு சாக்கு இருந்தது. இரண்டாம் முறை வெறுங்கையோடு வந்தபோது, "என்னம்மா, சும்மாவா வந்தே?" என்று நீ சிரித்தாய். சும்மாதான் என்றேன். சும்மா வரவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உன் மனைவி காபியோ முறுக்கோ கொண்டு வந்து வைத்தாள், நானும் அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகள் முன்னால் தொண்டை வறளக் கத்தியவளுக்கு, பெற்ற பிள்ளை முன்னால் நாலு வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேசி என்னைக் காப்பாற்ற முடியாது. என்னைக் காப்பாற்றிப் பேசுவது உனக்குப் பழகிப் போய்விட்டது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

உன் மாமனார் வீட்டில் நாம் எல்லோரும் சாப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓட்டுப் போட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. இலையில் கை வைத்த எல்லோர் விரலிலும் கறுப்பு மை இருந்தது, உன் விரலில் மட்டும் இல்லை. சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, விரல் இவ்வளவு சுத்தமா இருக்கே?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கிரிக்கெட் மேட்ச்னா காலையில ஆறு மணிக்கே டிவி முன்னாடி உட்காருவாங்க. ஓட்டுப் போட வரிசையில அரை மணி நேரம் நிக்கச் சொன்னா மட்டும் கால் வலிக்கும். இவன் ஒரு தடவைகூடப் போட்டதில்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ நிமிரக்கூட இல்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எங்க அம்மா வெயில்ல வீடு வீடா அலைஞ்சு எழுதின பேரையே ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு அடிச்சுட்டாங்க மாமா. அன்னையிலிருந்து எனக்கு அதுல நம்பிக்கை போயிடுச்சு" என்றாய். உன் மனைவி என் பக்கம் திரும்பி, "அப்படியா அத்தை?" என்று கேட்டாள். நான் "ஆமாம்மா" என்றேன்.

அந்த "ஆமாம்மா"வுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரசம் வேண்டாம் என்றதற்கு எல்லோரும் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். உன்னைக் கேலி செய்தது நான். என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியது நீ. நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட நடந்ததில்லை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான் மட்டும்தான்.

பதினெட்டு வயது ஆனால் போதும், ஓட்டுப் போடலாம் என்று சட்டம் மாறியது உனக்கு நினைவிருக்கும். அதுவரை இருபத்தொன்று. உனக்கு அப்போது பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அன்றைக்கு அதுதான் பேச்சு. சினிமா போஸ்டருக்கு மாலை போடுகிற பயல்கள் கையில் ஓட்டா, நாடு உருப்பட்ட மாதிரிதான் என்று ஆளாளுக்குச் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகம் பேசியது நான்தான். அந்தப் பயல்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பள்ளியில், என்னிடம் அ, ஆ படித்தவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த மாதமே வாக்காளர் பட்டியலைப் புதிதாக எடுக்கச் சொல்லி ஆசிரியர்களை அனுப்பினார்கள். எனக்கு ஐந்து தெரு ஒதுக்கினார்கள். நம் தெருவும் அதைச் சுற்றி மூன்றும், அப்புறம் தோல் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த கால்வாய்த் தெருவும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீடு வீடாகப் போக வேண்டும். யார் யார் இருக்கிறார்கள், யாருக்குப் பதினெட்டு முடிந்தது, யார் இறந்துவிட்டார்கள், யார் கல்யாணமாகிப் போய்விட்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். குடும்பத் தலைவர் அந்த அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும். நான்கு தெருவையும் நான் ஒழுங்காகத்தான் முடித்தேன். தெரிந்த மனிதர்கள், பாதிப் பேர் சர்ச்சுக்கு வருகிறவர்கள். போன இடத்திலெல்லாம் மோர் கொடுத்தார்கள், மின்விசிறியைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். நம் வீட்டு அட்டையில் அப்பா பெயர், என் பெயர், மூன்றாவதாக உன் பெயரை எழுதியபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

கால்வாய்த் தெரு மட்டும் பாக்கி. பங்குனி வெயில். தோல் ஊறுகிற தொட்டிகளின் நாற்றம் அந்தத் தெரு முனையிலேயே மூக்கில் ஏறும். முதல் நாள் முனைவரை போய்விட்டு, தலை வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் நாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாலு எட்டு உள்ளே போனேன். ஒரு வீட்டு வாசலில் கால்வாய்த் தண்ணீர் தேங்கி, அதன் மேல் கல் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். கல்லில் கால் வைக்க வேண்டும், வீட்டுக்குள் போக வேண்டும், அவர்கள் தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். எனக்கு அருவருப்பாக இருந்தது, தம்பி. வெயிலால் போகவில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருந்ததால் போகவில்லை என்று இத்தனை நாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. அந்த மனிதர்களின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவளும் நான்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை பிற்பகல் நீ வெளியே போயிருந்தாய், அப்பா வேலைக்குப் போயிருந்தார். பழைய பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, கால்வாய்த் தெருவின் நாற்பது வீட்டையும் அப்படியே அட்டைகளில் பார்த்து எழுதினேன். புதிய பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. இறந்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு. கடைசியில் "மாற்றமில்லை". கையெழுத்துதான் பாக்கி. அந்தத் தெருவில் யாருக்கு எழுதத் தெரியப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, பள்ளியிலிருந்து கொண்டு வந்திருந்த மை டப்பாவைத் திறந்தேன். நாற்பது அட்டையிலும் என் இடது கட்டைவிரலை வைத்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சிலதை லேசாக, சிலதை இழுத்து, சிலதைச் சாய்த்து வைத்தேன். அந்த அளவுக்கு யோசித்துச் செய்தேன்.

நீ உள்ளே வந்து தண்ணீர் குடித்தபோது என் விரலைப் பார்த்தாய். "என்னம்மா, விரலெல்லாம் ஊதா?" என்றாய். ஸ்கூல் வேலைப்பா என்றேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம்மா நீ, லீவு நாள்ல கூட" என்று சொல்லி, மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் என் விரலைத் துடைத்துவிட்டாய். இதை எழுதும்போது அந்த விரலைப் பார்க்கக் கூசுகிறது.

மூன்றாம் வகுப்பில் நீ என் மாணவனாக இருந்தாய். ஒருநாள் பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டாய். ஆசிரியையின் மகன் என்று சலுகை காட்டுகிறேன் என யாரும் சொல்லக்கூடாதென்று, உன்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "நான் பார்த்து எழுதினேன்" என்று பத்து முறை சொல்ல வைத்தேன். ஏழாவது முறையில் உனக்கு அழுகை வந்துவிட்டது. நான் விடவில்லை, பத்தையும் சொல்ல வைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையால் நாற்பது பேர் முன்னால் சொல்ல முடிந்ததை, உன் அம்மாவால் பத்து வருடமாக ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை.

நான் செய்தது அதோடு நின்றிருந்தால்கூட யாராவது சரி செய்திருக்கலாம். வரைவுப் பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டி, பெயர் விட்டுப்போனவர்கள் எழுதிக் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். கால்வாய்த் தெருப் பையன்கள் போய்ப் பார்க்கவில்லை. காரணம் நீ. கால்வாய்த் தெரு சேகரும் நீயும் விமான நிலையச் சுவரை ஒட்டிய மைதானத்தில் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். அவன் அப்பா கோதண்டம் தோல் கம்பெனியில் வேலை செய்தவர், அதற்கு இரண்டு வருடம் முன்பே மார்பு வலியில் போய்விட்டார். சேகரும் மற்றப் பையன்களும் பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, "எங்க அம்மாதான்டா உங்க தெருவுக்கு எடுத்தாங்க. அவங்க ஒரு புள்ளியைக்கூட விட மாட்டாங்க, கவலைப்படாதீங்க" என்று நீ சொன்னாயாம். என்னிடமே வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்போதும் நேரம் இருந்தது. ஒரு நடை போய், பையன்களே, உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கே இவர்கள் ஓட்டுப் போடப் போகிறார்கள், காலையில் தூங்கி எழுந்து வருவதற்குள் பூத்தையே மூடிவிடுவார்கள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வந்தார்கள். அன்று காலை ஏழரை மணிக்கே வந்தார்கள். மழை விட்டிருந்த நாள். பள்ளி மைதானத்தில் அங்கங்கே தண்ணீர் நின்றது. பெண்கள் வரிசை தெருவரை நீண்டிருந்தது, நான் அதன் கடைசியில் வெளி மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பையன்கள் பதினாறு பதினேழு பேர் சட்டையை இஸ்திரி போட்டு, தலையை வழித்துச் சீவி, ஏதோ கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். நீயும் அவர்களோடு வந்தாய். அந்தத் தெருவிலேயே சற்றுத் தள்ளி, கட்சிக்காரர்கள் மேசை போட்டு, பட்டியலைப் பார்த்து எண் எழுதிய சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உனக்குச் சீட்டு உடனே கிடைத்தது. அடுத்தவன் பெயர் இல்லை. அதற்கடுத்தவன் பெயரும் இல்லை. சேகர் முறை வந்தபோது மேசைக்காரர் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துப் பார்த்தார்.

"கோதண்டம்... உங்கப்பனா? அவரு பேரு கீது. உன் பேரு இல்லப்பா" என்றார்.

"அவரு செத்து ரெண்டு வருஷம் ஆவுது சார்."

"நான் இன்னா பண்றது? லிஸ்ட்ல உயிரோட கீறாரு. வேணும்னா அவரு பேர்ல நீ போய் குத்திட்டு வா, எவன் கேக்கப் போறான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவில்லை. "எங்கப்பா பேர்ல நான் ஏன் சார் போடணும்? எனக்குப் பேரு இல்லியா?" என்று கேட்டான். கோதண்டம் வீட்டு அட்டையிலும் நான் கட்டைவிரல் வைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. செத்துப்போன மனிதருக்காகக் கைநாட்டு வைத்திருக்கிறேன்.

அதற்குள் யாரோ, "இந்தத் தெருவுக்கு யாருய்யா கணக்கெடுத்தது?" என்று சத்தம் போட்டார்கள். நீ முன்னால் வந்தாய். "எங்க அம்மா எடுத்தாங்க. வெயில்ல வீடு வீடா போனாங்க, நானே பார்த்தேன். அவங்க எழுதிக் குடுத்தாங்க, மேல ஆபீஸ்லதான் தூக்கிட்டாங்க" என்று கூவினாய். உன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்மா, நீயே சொல்லும்மா, எழுதித்தானே குடுத்தே?" என்றாய். எல்லோரும் திரும்பினார்கள். நான், "ஆமா, எல்லார் பேரையும் எழுதித்தான் குடுத்தேன்" என்றேன்.

நீ உன் சீட்டைக் கிழித்துத் தெருவில் நின்ற மழைத் தண்ணீரில் போட்டாய். "இவங்களுக்கு இல்லாத ஓட்டு எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டு சேகரின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாய். மற்றவர்களும் உன் பின்னால் போனார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிசையில் நகர்ந்து, உள்ளே போய், விரலில் மை வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் நீ வந்து, கோதண்டம் பேரில் யாரோ ஓட்டைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னாய். சொல்லும்போது உன் கண் கலங்கியிருந்தது. நான் உனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த எந்தத் தேர்தலிலும் நீ போகவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் பள்ளிக்கு ஆள் வந்தபோது, தெருவே தலை சீவிக்கொண்டு போனது, நீ போகவில்லை. நாங்கள் கேட்டால், எல்லாம் மோசடி, ஏழைகள் பெயரை வேண்டுமென்றே எடுக்கிறார்கள் என்பாய். நீ வேலை செய்யும் இடத்தில் உன்னைவிடச் சின்னப் பையன்களிடமும் இதையே சொல்வதாக ஒருமுறை சொன்னாய். அவர்களில் எத்தனை பேர் உன் பேச்சைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்தார்களோ, எனக்குத் தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை என்று யாராவது புலம்பும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து புலம்பியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளை ஏன் போகவில்லை என்பதற்குக் காரணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு புலம்பினேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். எல்லோரோடும் சேர்ந்து சொல்வது சுலபம், யார் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

உன் மாமனார் வீட்டிலிருந்து வந்த பிறகு, முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "இதை நீ எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?" என்று மட்டும் கேட்டார். சரிதான் என்று பட்டது. மறுநாள் பள்ளி விட்டதும் கால்வாய்த் தெருவுக்குப் போனேன். பத்து வருடம் கழித்து, முதல் தடவையாக. கம்பெனிகளில் பாதி மூடிக்கிடக்கின்றன, நாற்றம் இன்னும் இருக்கிறது. சேகரின் அம்மா கன்னியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வா டீச்சர். இப்பத்தான் எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். முழுவதும் குடித்தேன்.

சேகர் இப்போது சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான், உனக்குத் தெரியும். வேலை அதிகமாம், அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். தெருவுக்கு வராததை, பழைய பட்டியலைப் பார்த்து எழுதியதை, உன் முன்னால் பொய் சொன்னதை. கட்டைவிரல் வைத்ததை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றான்.

"என்னப்பா தெரியும்?"

"நீங்க வர்லன்னு. தெருவுக்கே தெரியும். யாரு வந்தாலும் இங்க பத்து பேருக்குத் தெரியாம போவுமா? புதுசா ஆளு வந்தா நாயே வுடாது. அடுத்த மாசம் நாங்க நாலு பேரு தாலுகா ஆபீஸுக்குப் போனோம். அங்க ஒரு சார் கட்டைப் பிரிச்சு எங்க வூட்டு அட்டைய எடுத்துக் காட்டினாரு. எங்கப்பா பேருக்குப் பக்கத்துல கைநாட்டு. எங்கப்பா கையெழுத்துப் போடுவாரு டீச்சர். முதியோர் கல்வியில கத்துக்கினாரு. உங்க பள்ளிக்கூடத்துலதான். ரேஷன் கார்டுல கூட அவரு கையெழுத்துதான் கீது."

"அப்புறம் ஏம்பா என் பையன்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"எப்டி டீச்சர் சொல்றது? அத்தினி பேரு முன்னாடி எங்கம்மா எங்கம்மான்னு கத்திக்கினு நின்னான். எங்கப்பா செத்தன்னிக்கு சுடுகாடு வரைக்கும் என் கைய வுடாம வந்தவன் அவன். அவன் வாயால உங்கள திட்ட வெக்கணுமா?" என்றான். கன்னியம்மா, "வுடு டீச்சர், எப்பவோ நடந்த பேஜாரு. குந்து, சாப்ட்டுப் போ" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்தப் பிள்ளைகளைத்தான் ஓட்டுப் போடத் தகுதி இல்லாதவர்கள் என்று நான் சிரித்தேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா அல்லவா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது உனக்கு. உன் மனைவியிடம் ஏதாவது தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் இரண்டு பொய் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். என் பொய் என்னோடு நிற்காமல் உன் வாயில் ஏறி, உன் ஆபீஸ் பையன்கள் வரைக்கும் போய்விட்டது. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், அது உன்னை நம்புவதற்கு நீ பயப்படு. நான் பயப்படவில்லை. இந்தக் கடிதத்தை உன் மனைவியிடம் கொடு. உன் மாமனாரிடமும் படித்துக் காட்டச் சொல். அன்று சாப்பாட்டு இலை முன்னால் சொன்ன பொய்க்கு அங்கேயே வந்து மன்னிப்புக் கேட்கிறேன். நீ என் வீட்டுக்கு வராமல் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது. இத்தனை வருடம் அதை முகம் தெரியாத யாரோ ஒரு குமாஸ்தா மேல் கொட்டிக்கொண்டிருந்தாய்.

கிளம்பும்போது சேகரிடம், நீங்களெல்லாம் அப்புறம் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். தாலுகா ஆபீஸுக்குப் போன அன்றே விண்ணப்பப் பாரம் வாங்கி எழுதிக் கொடுத்தார்களாம். அவன், அந்தப் பதினாறு பேர், தெருப் பெண்கள் எல்லோரும் அடுத்த தேர்தலிலிருந்து ஒன்று விடாமல் போட்டிருக்கிறார்கள். கோதண்டத்தின் பெயரையும் அவர்களே எடுக்க வைத்தார்கள். "அவனையும் ஒவ்வொரு தபா கூப்ட்டோம் டீச்சர், வரவே மாட்டேன்னுட்டான்" என்றான்.

வீடு வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சேகருக்காக வெளியே வந்தாய் என்று இத்தனை நாள் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். சேகர் எப்போதோ உள்ளே போய்விட்டான். நீ ஒருத்தன்தான் இன்னும் அந்தப் பள்ளிக்கு வெளியே நிற்கிறாய், நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு. அது பொய், தம்பி. நீ உள்ளே போ.

அம்மா